சோழவந்தான்காரர் நடித்த பாணபத்திரர் நிஜத்தில் யார்? மதுரைக் கோயில் வாசலில் யாழ் வாசித்த கலைஞர்களின் கதை

'திருவிளையாடல்' படத்தை டிவியில் எத்தனை முறை போட்டாலும் உட்கார்ந்து பார்க்கிற வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய. 1965-ல் ஏ.பி.நாகராஜன் இயக்கத்தில் வந்த அந்தப் படத்தில், பெரிய பாடகரான ஹேமநாத பாகவதரிடம் போட்டிக்கு மாட்டிக்கொண்டு தவிக்கும் எளிய மனிதர் பாணபத்திரர். அந்த வேடத்தில் நடித்தவர் டி.ஆர்.மகாலிங்கம்.

மகாலிங்கம் மதுரை மாவட்டம் சோழவந்தானுக்கு எதிர்க்கரையில் உள்ள தென்கரையைச் சேர்ந்தவர். 1924-ல் பிறந்து, 1945-ல் வந்த 'ஸ்ரீவள்ளி' படத்தில் பெரிய பெயர் வாங்கி, 1978-ல் மறைந்தவர். வெற்றிலைக் கொடிக்காலுக்கும் ஜெனகை மாரியம்மன் கோயிலுக்கும் பெயர் போன சோழவந்தானில் இன்றும் "எங்க ஊர் மகாலிங்கம்" என்றுதான் பேச்சு.

படம் தெரியும், பாட்டும் தெரியும். ஆனா, பாணபத்திரர் எதை வாசித்தார்? அவர் வெறும் பாடகர் இல்லை, யாழ் கலைஞர். 'பாணர்' என்ற சொல்லே யாழோடு ஒட்டிப் பிறந்தது. மதுரையோடு தொடர்புடைய இன்னொரு பெரிய யாழ் கலைஞரும் உண்டு. அவர் பெயர் திருநீலகண்ட யாழ்ப்பாணர்.

இந்த இருவரும் யார்? கோயிலுக்கு வெளியே நின்று வாசித்தவருக்கு பொற்பலகை கிடைத்தது எப்படி? இவ்வளவு புகழ் பெற்ற கருவி ஏன் காணாமல் போனது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

- யாழ் என்பது வில் போல வளைந்த தண்டு கொண்ட நரம்புக் கருவி. வீணை வேறு, யாழ் வேறு.
- திருநீலகண்ட யாழ்ப்பாணர் 7-ம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் பதிகங்களுக்கு யாழ் வாசித்தவர். 63 நாயன்மார்களில் ஒருவர்.
- பாணபத்திரர் மதுரை சொக்கநாதரைப் பாடியவர். சேரமான் பெருமாள் காலத்தவர் என்கிறது மரபு.
- காணாமல் போன யாழைத் தேடி ஒரு பெரிய ஆராய்ச்சி நூலே எழுதியவர் இலங்கையின் சுவாமி விபுலானந்தர். 1947-ல் அந்த நூல் வெளியானது.

யாழ்னா என்ன? அது வீணைதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் ரெண்டும் வேலை செய்யும் விதமே வேறு.

வீணையில் நீளமான தண்டு, அதன் மேல் வரிசையாக மெட்டுகள். ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டில் அழுத்தினால் வெவ்வேறு சுரம் வரும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் வளையும், குழையும். கமகம் என்று சொல்வது அதைத்தான்.

யாழில் மெட்டே கிடையாது. ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. ஏழு சுரம் வேண்டுமென்றால் குறைந்தது ஏழு நரம்பு. எந்த நரம்பைத் தெறிக்கிறோமோ அந்த ஒலிதான் வரும். அமைப்பில் பார்த்தால், மேல்நாட்டு இசையில் 'ஹார்ப்' என்று சொல்லும் கருவியின் குடும்பத்தைச் சேர்ந்தது யாழ்.

அதன் உறுப்புகளை பத்துப்பாட்டு நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. கீழே படகு போன்ற குடம், அதன் பெயர் பத்தர். அதன் மேல் போர்த்தியது தோல். பத்தரில் இருந்து வளைந்து மேலே எழும் தண்டு கோடு. நரம்புகளைக் கோட்டில் இறுக்கிக் கட்டும் வார்க்கட்டுக்குப் பெயர் திவவு. திவவை ஏற்றி இறக்கித்தான் சுருதி சேர்ப்பார்கள்.

நரம்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்து யாழுக்கு வகைகளும் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகள் என்று கணக்குச் சொல்கிறார்.

இன்றைக்கு ச, ரி, க, ம, ப, த, நி என்பதற்கு அன்று இருந்த பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்.

யாழ் வாசித்தவர்கள் யார்?

சங்க காலத்தில் யாழைத் தொழிலாகவே கொண்டவர்கள் பாணர்கள். பெரிய யாழ் வைத்திருந்தவர் பெரும்பாணர், சிறிய யாழ் வைத்திருந்தவர் சிறுபாணர். பெரும்பாணாற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை என்ற நூல் பெயர்கள் இப்படி வந்தவைதான். ஊர் ஊராகப் போவார்கள், வள்ளல்களைப் பாடுவார்கள், பரிசு பெற்று வருவார்கள். அரசனின் அவையிலேயே இவர்களுக்கு இடம் இருந்தது.

யாழ் பாணர்களிடம் மட்டும் இருந்ததா என்றால், இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றக் குழுவில் யாழாசிரியன் ஒருவன் இருக்கிறான். புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் மாறி மாறி யாழ் மீட்டிப் பாடியதில்தான் அவர்கள் பிரிவே நடக்கிறது. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையை மணக்க சீவகன் யாழ்ப் போட்டியில் வெல்ல வேண்டியிருக்கிறது. அதாவது, படித்தவர்கள் வீட்டில் இருந்த கருவி அது.

காலம் போகப் போக, பாணர்களின் நிலை மாறியது. வேந்தர்களின் அவையில் உட்கார்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கதை அந்த வாசலில்தான் தொடங்குகிறது.

திருநீலகண்ட யாழ்ப்பாணர்: எங்கே பிறந்தார், எப்படி மதுரை வந்தார்?

இவரைப் பற்றிய பழைய குறிப்பு சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் இருக்கிறது. விரிவான வரலாறு 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் வருகிறது. கீழே உள்ளவை பெரியபுராணம் சொல்லும் செய்திகள்.

ஊர், திருஎருக்கத்தம்புலியூர். இன்றைக்கு இராசேந்திரப்பட்டினம் என்று பெயர். கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பக்கம் இருக்கிறது. மனைவி மதங்கசூளாமணி. இவரும் இசைக்கலைஞர். கணவர் யாழ் மீட்ட, மனைவி பாட, இருவரும் சோழநாட்டுக் கோயில்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் வாசிக்கிறார்கள். அப்படியே பாண்டிய நாட்டுக்குள் நுழைந்து மதுரைக்கு வருகிறார்கள்.

மதுரையில் ஆலவாய்க் கோயிலின் வாசலில் நின்று யாழ் வாசிக்கிறார். உள்ளே போகவில்லை, போகவும் வழக்கம் இடம் தரவில்லை. அன்று இரவு சிவபெருமான் தொண்டர்களின் கனவில் வந்து சொல்ல, மறுநாள் அவர்களே பாணரை உள்ளே அழைத்துப் போகிறார்கள். சன்னதிக்கு முன் தரையில் உட்கார்ந்து வாசிக்கிறார்.

அப்போது ஒரு குரல் கேட்டதாம். தரையின் ஈரம் பட்டால் யாழின் கட்டு தளர்ந்துவிடும், இவருக்கு உட்கார பொற்பலகை போடுங்கள் என்று. பலகை வருகிறது. அதில் அமர்ந்து யாழ்ப்பாணர் வாசிக்கிறார்.

இந்த இடத்தில் சேக்கிழார் சொல்லும் காரணம் கவனிக்க வேண்டியது. 'இவர் பெரியவர், அதனால் பலகை' என்று அவர் எழுதவில்லை. கருவிக்கு ஈரம் ஆகாது என்கிறார். இது நடைமுறை உண்மை. தோல் போர்த்திய கருவி எதுவானாலும் ஈரத்தில் தளரும். மிருதங்கம் வாசிப்பவர்களைக் கேட்டால் மழைக்காலத்துக் கஷ்டத்தைச் சொல்வார்கள். வார்க்கட்டில் நிற்கும் யாழுக்கு அந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாசலுக்கு வெளியே நின்றவரை உள்ளே கூப்பிட்டு, தரையில் உட்கார்ந்தவரை ஆசனத்தில் ஏற்றுவது என்பது ஒரு சமூகச் செய்தி. அதே மதுரை மீனாட்சியம்மன் கோயிலில், தடுக்கப்பட்டிருந்த மக்கள் நிஜமாகவே உள்ளே நுழைந்தது 1939 ஜூலை 8-ம் தேதி. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் அன்று கோயிலுக்குள் சென்றார்கள். புராணத்தில் ஒரே இரவில் திறந்த வாசல், வரலாற்றில் திறக்க அவ்வளவு காலம் ஆனது.

சம்பந்தரோடு சேர்ந்தது எப்போது?

மதுரைக்குப் பிறகு யாழ்ப்பாணர் திருவாரூர் போகிறார். அங்கேயும் வாசலில் நின்றே வாசிக்கிறார். அங்கே வடக்குப் பக்கம் இவருக்காகவே வேறொரு வாயில் அமைந்தது என்கிறது பெரியபுராணம்.

அடுத்து சீர்காழி. அப்போது சம்பந்தர் சின்னப் பிள்ளை. ஆனால் பாடும் பதிகங்கள் ஊரெல்லாம் பேச்சாக இருந்தன. அவரைப் பார்க்க வந்த யாழ்ப்பாணர், இனி உங்கள் பதிகங்களை யாழில் இட்டு உங்களோடே வருகிறேன் என்று கேட்கிறார். சம்பந்தர் சம்மதிக்கிறார். அன்றிலிருந்து பல தலங்களில் சம்பந்தர் பாட, இவர் யாழ் மீட்ட, மதங்கசூளாமணி உடன் பாட என்று போகிறது அந்தப் பயணம்.

இன்றைய பேச்சில் சொன்னால், அந்தக் காலத்தின் மிகப் பெரிய பாடகருக்கு நிரந்தரப் பக்கவாத்தியக்காரர். வயதில் பெரியவர், அனுபவத்தில் பெரியவர், ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க முன்வந்தவர்.

யாழை உடைக்கப் போனது ஏன்?

இவர் வாழ்க்கையில் பெரிய திருப்பம், திருத்தருமபுரத்தில் நடந்தது. காரைக்கால் பக்கத்தில் இருக்கும் ஊர். யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊரும் அதுதான்.

சொந்தக்காரர்கள் கூடி வந்தார்கள். பெருமையில் ஒரு வார்த்தை சொன்னார்கள்: நீங்கள் யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தரின் பாட்டு உலகமெல்லாம் பரவுகிறது என்று. கேட்ட யாழ்ப்பாணர் பதறிப் போனார். சம்பந்தரிடமே போய், யாழுக்குள் அடங்காத ஒரு பதிகம் பாடுங்கள், அப்போதுதான் இவர்களுக்குப் புரியும் என்று கேட்டார்.

சம்பந்தர் பாடினார். யாழ்ப்பாணர் வாசிக்கப் பார்த்தார். விரல் ஓடியது, நரம்பில் அந்த இசை வரவில்லை. இத்தனைக்கும் காரணம் இந்தக் கருவிதானே என்று யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, கருவியை வாங்கி, இறைவனின் இசை கருவியில் அடங்குமா, முடிந்த அளவு வாசியுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்றே பெயர் நின்றுவிட்டது. தருமபுரம் கோயிலின் இறைவன் பெயரும் யாழ்மூரிநாதர். ஓதுவார்கள் இன்று அந்தப் பதிகத்தை அடாணா ராகத்தில் பாடுகிறார்கள்.

பக்தர்களுக்கு இது அருளின் கதை. இசை தெரிந்தவர்கள் இதில் வேறொன்றையும் பார்க்கிறார்கள். ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு என்ற கருவியில், குரல் போல சுரத்தை வளைத்து இழுப்பது கஷ்டம். மனிதக் குரல் செய்கிறதை யாழ் செய்ய முடியாமல் திணறிய ஒரு காலத்தின் நினைவு இந்தக் கதைக்குள் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். யாழ் பிற்காலத்தில் ஏன் போனது என்ற கேள்விக்கும் இதில் ஒரு துப்பு இருக்கிறது.

அதன் பிறகு என்ன ஆனது?

யாழ்ப்பாணர் யாழை விட்டுவிடவில்லை. சம்பந்தரோடு பயணம் தொடர்ந்தது. சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்ற வேதியர் வீட்டில் தங்குகிறார்கள். யாழ்ப்பாணருக்கும் தங்க இடம் கொடுங்கள் என்று சம்பந்தர் சொல்ல, திருநீலநக்கர் கொடுத்த இடம் வீட்டின் நடுவே வேள்வித் தீ இருக்கும் வேதிகைக்குப் பக்கம். கணவனும் மனைவியும் அங்கேயே படுத்தார்கள். வேள்வித் தீ வலமாகச் சுழன்று இன்னும் நன்றாக எரிந்தது என்கிறார் சேக்கிழார். தீட்டு என்று நினைப்பவர்களுக்கு அந்த ஒரு வரியிலேயே பதில் சொல்லிவிட்டார்.

கடைசியில் திருநல்லூர்ப்பெருமணம், இன்றைய ஆச்சாள்புரம். சம்பந்தரின் திருமணம் அங்கே நடக்கிறது. அந்தத் திருமணத்தில் தோன்றிய சோதியில் சம்பந்தரோடு கலந்தவர்களில் யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியும் உண்டு. அது வைகாசி மூலம். அதனால்தான் சம்பந்தர், திருநீலநக்கர், முருக நாயனார், யாழ்ப்பாணர் ஆகியோருக்கு ஒரே நாளில் குருபூஜை நடக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. பல நூற்றாண்டு கழித்து, இராசராச சோழன் காலத்தில் தேவார ஏடுகள் தில்லையில் கிடைக்கின்றன. பாட்டு கிடைத்தது, மெட்டு யாருக்கும் தெரியவில்லை. அப்போது பண் அமைத்துக் கொடுத்தது, திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ஏட்டைக் கரையான் தின்றது, இசையை ஒரு குடும்பம் நினைவில் வைத்திருந்தது.

சோழவந்தானுக்கும் சம்பந்தருக்கும் என்ன தொடர்பு?

சோழவந்தானுக்குப் பக்கத்தில் வைகைக் கரையில் இருக்கிறது திருவேடகம். சம்பந்தர் மதுரைக்கு வந்தபோது சமணர்களோடு வாதம் நடந்தது. அதில் ஒரு கட்டம், எழுதிய ஏட்டை வைகை வெள்ளத்தில் விடுவது. சம்பந்தர் விட்ட ஏடு ஓட்டத்தை எதிர்த்து மேலேறிப் போனதாகவும், மந்திரி குலச்சிறையார் குதிரையில் கரையோரமாகத் தொடர்ந்து போய் அதை எடுத்ததாகவும் பெரியபுராணம் சொல்கிறது.

அந்த ஏடு நின்ற இடம் திருவேடகம் என்பது ஊர் மரபு. ஏடு அகம், ஏடகம். கோயிலில் ஏடகநாதர், அம்மன் ஏலவார்குழலி. ஆவணி பௌர்ணமியில் ஏடு எதிரேறிய விழா நடக்கும்.

சரி, பாணபத்திரர் வேறு ஆளா?

ஆமாம், வேறு ஆள். காலமும் வேறு.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பாணபத்திரருக்கு நான்கு படலங்கள் வருகின்றன. விறகு விற்ற படலம், திருமுகம் கொடுத்த படலம், பலகை இட்ட படலம், இசைவாது வென்ற படலம். படத்தில் பார்த்தது முதல் படலம் மட்டும்தான்.

வடநாட்டில் இருந்து ஏமநாதன் என்ற பெரிய இசைவாணன் வரகுண பாண்டியனின் அவைக்கு வருகிறான். நாளை நீ இவனோடு பாடு என்று பாணபத்திரருக்கு அரசன் உத்தரவு. வீட்டுக்குத் திரும்பும் வழியில் தெருவுக்குத் தெரு ஏமநாதனின் சீடர்கள் பாடுவதைக் கேட்டு, சீடனே இப்படி என்றால் குரு எப்படி என்று பாணபத்திரர் பயந்து போகிறார். சொக்கநாதரிடம் முறையிடுகிறார்.

சிவபெருமான் வயதான விறகுக்காரனாக வந்து ஏமநாதன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாதாரிப் பண் பாடுகிறார். யார் நீ என்று ஏமநாதன் கேட்க, பாணபத்திரரிடம் பாடம் கேட்கப் போனேன், நீ தேறமாட்டாய் என்று தள்ளிவிட்டார் என்கிறார். தள்ளிவிடப்பட்டவனே இப்படிப் பாடினால் என்று, இரவோடு இரவாக ஏமநாதன் ஓடிவிடுகிறான். சாதாரி என்பது இன்றைய பந்துவராளிக்கு இணையானது என்பார்கள்.

படத்தில் வராத பகுதி அடுத்தது. அரசவைச் சேவகத்தை விட்டு கோயிலில் மட்டும் வாசிக்கத் தொடங்கிய பாணபத்திரரின் குடும்பம் வறுமையில் விழுகிறது. அப்போது ஆலவாய் இறைவனே சேரமான் பெருமாளுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்ததாகக் கதை. அந்தக் கடிதம் 'திருமுகப் பாசுரம்' என்ற பெயரில் பதினோராம் திருமுறையில் முதலாவதாக இருக்கிறது. சேரமான் பெருமாள் சுந்தரரின் நண்பர் என்பதால், பாணபத்திரர் சம்பந்தர் காலத்துக்குப் பிற்பட்டவர் ஆகிறார்.

மூன்றாவது, பலகை இட்ட படலம். நடுராத்திரி, கொட்டும் மழை. சேற்றில் நின்றபடி பாணபத்திரர் வாசிக்கிறார். அவருக்கும் பொற்பலகை கிடைக்கிறது.

ஒரே ஊர், ஒரே கோயில், ரெண்டு யாழ் கலைஞர், ரெண்டு பேருக்கும் பலகை. ஒரு கலைஞரின் கதை இன்னொருவர் கதைக்குள் வந்து சேர்ந்திருக்கலாம். எப்படி இருந்தாலும் ஒன்று தெளிவு: யாழ் வாசிப்பவருக்கு மதுரை ஆசனம் கொடுத்தது என்ற நினைவை ஊர் விடாமல் வைத்திருந்திருக்கிறது.

இவ்வளவு பெருமை இருந்தும் யாழ் ஏன் காணாமல் போனது?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. முக்கியமானவை மூன்று.

முதலாவது, கருவியின் எல்லை. தேவாரத்திலேயே யாழும் வருகிறது, வீணையும் வருகிறது. ரெண்டும் சேர்ந்தே இருந்த காலம் அது. குழைவும் கமகமும் இசையின் உயிர் என்று ஆன பிறகு, அதை எளிதாகத் தரும் வீணை முன்னுக்கு வந்தது. குறைந்த தந்தியில் எல்லா சுரமும் கிடைப்பதும், சுருதி சேர்ப்பது சுலபம் என்பதும் வீணைக்குக் கூடுதல் வசதி.

இரண்டாவது, ஆதரவு. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராசராசன் 48 பேரை நியமித்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். மொத்தம் 50 பேர். சம்பந்தர் பக்கத்தில் இருந்த யாழ், தேவாரம் பாடும் அந்தக் குழுவில் இல்லை.

மூன்றாவது, சமூகம். பாணர்களின் மதிப்பு சரிந்தபோது அவர்கள் கையில் இருந்த தொழிலும் சரிந்தது. யாழ் செய்வதும் வாசிப்பதும் ஏட்டில் எழுதிப் படிக்கும் வித்தை இல்லை. அப்பன் பிள்ளைக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பது. ஒரு தலைமுறை விட்டால் போச்சு. பிறகு 'யாழ்' என்ற சொல் மட்டும் பாட்டில் நின்றது, அதைப் படித்தவர்கள் வீணை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஊர்ப் பெயரிலும் அது நின்றது. யாழ் பாடிய கண்பார்வையற்ற ஒருவருக்கு மன்னன் பரிசாகக் கொடுத்த மணல்திடல்தான் யாழ்ப்பாணம் ஆனது என்று யாழ்ப்பாண வைபவமாலை கதை சொல்கிறது.

வேறு எங்காவது இந்தக் கருவி பிழைத்ததா?

பிழைத்தது, மியான்மரில். அங்கே 'சாவுங்' என்று அழைக்கப்படும் வளைந்த கருவி, படகு போன்ற குடமும் தோலும் வில் போன்ற தண்டும் கொண்டது. யாழ் பற்றிய பழைய வருணனையை அப்படியே படம் பிடித்தது போல இருக்கும். இந்தியாவில் இருந்து பௌத்தத்தோடு போனது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. வட இந்தியாவிலும் இது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. சமுத்திரகுப்தரின் பொற்காசில் அவர் மடியில் இருப்பதும் இந்த வகைக் கருவிதான்.

மியான்மரில் மட்டும் ஏன் பிழைத்தது? அரசவையில் அதற்கு உயர்ந்த இடம் இருந்தது. 1885-ல் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்து அரசாட்சி முடிந்த பிறகும் அவைக் கலைஞர்கள் மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு அரசு இசைப் பள்ளிகளிலும் அது பாடமானது. தமிழ்நாட்டில் நடக்காதது இந்தக் கடைசிப் படிதான்.

யாழை மறுபடி தேடியவர் யார்?

1892-ல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்தார். அரங்கேற்று காதை உரையில் யாழ் பற்றி ஏராளமான குறிப்புகள். ஆனால் படித்தால் புரியவில்லை. கருவியே கண்ணில் இல்லையே.

அதே 1892-ல் இலங்கையின் மட்டக்களப்புப் பகுதி காரைதீவில் மயில்வாகனம் என்ற பிள்ளை பிறந்தது. விஞ்ஞானம் படித்து ஆசிரியரானார். 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். பிறகு இராமகிருஷ்ண மிஷனில் துறவியாகி, சுவாமி விபுலானந்தர் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர்.

விஞ்ஞானமும் கணக்கும் தமிழும் இசையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது யாழுக்கு அதிர்ஷ்டம். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் போட்டு, உரைகாரர்கள் சொன்ன பண்களையும் பாலைகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். யாழின் உறுப்புகள், சுரங்களின் அளவு, பண் வகைகள், தேவார இசை என்று விரிந்த அந்த ஆராய்ச்சிதான் 'யாழ் நூல்'.

1947 ஜூனில், திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அறிஞர்கள் கூடிய அவையில் அது அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. உடல்நலம் குன்றியிருந்த விபுலானந்தர், அடுத்த மாதம் 19-ம் தேதி காலமானார்.

இப்போ யாழ் வாசிக்கிறார்களா?

முயற்சிகள் நடக்கின்றன. 'உரு' என்ற பெயரில் கருவிகள் செய்யும் இளம் கலைஞர் தருண் சேகர், இலக்கியக் குறிப்புகளைப் பார்த்து யாழை மறுபடி வடிவமைத்தார். அந்த ஒலியோடு பாட்டும் வெளியானது. சமூக வலைதளத்தில் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் யாழ் இப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டவர்கள் ஏராளம்.

ஆனால் கருவி செய்வது பாதி வேலை. வீணை கற்க ஆசிரியர் இருக்கிறார், பாடத்திட்டம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, கச்சேரி இருக்கிறது. யாழுக்கு அந்தச் சங்கிலி அறுந்து பல நூற்றாண்டு ஆகிறது. நரம்பு எவ்வளவு இறுக்கம், எந்த விரல் எங்கே, ஒரு பண்ணில் இருந்து இன்னொரு பண்ணுக்கு எப்படி மாற்றுவது என்பதை கையில் பழகியவர் யாரும் மிஞ்சவில்லை. இன்று வாசிப்பவர்கள் வேறு கருவிகளில் கற்றதை யாழுக்குக் கொண்டுவருகிறார்கள்.

மிஞ்சி இருப்பது பண்கள். யாழில் பிறந்த அந்த இசையை, காலப்போக்கில் மாறிய வடிவத்தில் என்றாலும், கோயில்களில் ஓதுவார்கள் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். திருவேடகத்திலும், மதுரை ஆலவாயிலும், காரைக்கால் தருமபுரத்திலும் தேவாரம் கேட்கிறது.

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் சுவாமி சன்னதிப் பிராகாரத்தில் 63 நாயன்மார் வரிசையைப் பார்க்கலாம். அதில் யாழ்ப்பாணரும் ஒருவர். வாசலுக்கு வெளியே நின்று வாசித்தவருக்கு அந்தக் கோயிலின் உள்ளேயே இன்று இடம் இருக்கிறது. அவர் வாசித்த கருவியைக் கற்க விரும்பும் பிள்ளைக்குத்தான் இன்னும் ஒரு பள்ளிக்கூடம் இல்லை.